புதிய நரம்பணுக்களும் பழைய ஞாபகங்களும்

விரலில் கத்தி பட்டுத் தோல் கிழிந்தால் சில தினங்களுக்குள் புதுத் தோல் வந்து காயத்தை மூடிவிடுகிறது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உழைத்துவிட்டு மடிய, எலும்பு மஜ்ஜையிலே புதியவை பிறந்து அவற்றின் ஸ்தானத்தை ஏற்றுக்கொள்கின்றன. குடலின் உட்சவ்வோ சில நாட்களுக்கு ஒருமுறை தன்னை முழுவதும் புதுப்பித்துக்கொள்கிறது. சரீரம் எங்கும் ஓயாமல் நடைபெறும் இந்தப் புனருத்தாரணத்தில் மூளைக்கு மட்டும் பங்கில்லை என்பதும், பிறந்த சில காலத்துக்குள் எத்தனை நரம்பணுக்கள் அமைந்தனவோ அவற்றோடுதான் மனிதன் ஆயுள் முழுவதும் காலம் தள்ளவேண்டும் என்பதும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் வைத்தியக் கல்லூரிகளில் ஐயத்துக்கு இடமின்றிப் போதிக்கப்பட்ட பாடமாகும்.

இந்தப் பாடத்துக்கு மூலபுருஷராக நின்றவர் சாமானியரல்லர். ஸ்பெயின் தேசத்து ஸான்டியாகோ ரமோன் இ கஹால், வெள்ளி உப்புக்களால் மூளைத் திசுவுக்குச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் கண்டதைத் தம் கையாலேயே சித்திரமாகத் தீட்டி, ஒவ்வொரு நரம்பணுவும் தனித்து நிற்கும் ஓர் உயிரணு என்பதை உலகுக்கு உணர்த்தி, அதற்காக 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். முதிர்ந்த மூளையில் நரம்பணுக்கள் அழியலாமே தவிர மீண்டும் உற்பத்தியாவதில்லை என்று அவர் எழுதினார். எழுதியதோடு, கூடுமானால் எதிர்கால விஞ்ஞானம் இந்தக் கடுமையான விதியை மாற்றட்டும் என்ற விருப்பத்தையும் சேர்த்தே தெரிவித்தார். பின்வந்தவர்கள் அவருடைய விதியை எடுத்துக்கொண்டார்களே ஒழிய, விருப்பத்தை மறந்துபோனார்கள்.

அவர்களைக் குறைசொல்வதற்கும் இல்லை. அறுபது வயதில் ஒருவர் தாம் எட்டு வயதில் பார்த்த தேரோட்டத்தை, வடம் பிடித்தவர்களின் வியர்வை வாசனை முதற்கொண்டு, ஞாபகத்துக்குக் கொண்டுவருகிறார் என்றால், அந்த ஞாபகத்தைத் தாங்கி நிற்கும் அணுக்களும் அவற்றின் பிணைப்புக்களும் ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஸ்திரமாக இருந்திருக்க வேண்டும் அல்லவா? அணுக்கள் வந்து போய்க்கொண்டிருந்தால் நினைவு எங்கே தங்கும்? இந்தக் கேள்வி நியாயமானது. பின்னால் நாம் காணப்போவதுபோல், அதில் உண்மையும் உண்டு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தில் பணிபுரிந்த ஜோசப் ஆல்ட்மன், ஹங்கேரியில் 1925-ல் பிறந்தவர். வளர்ந்த பிராணிகளின் மூளையில் புது நரம்பணுக்கள் உண்டாகின்றனவா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1962-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூன்று வருஷம் கழித்து, கோபால் தாஸ் என்ற சகாவோடு சேர்ந்து, எலியின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியிலே பிறப்புக்குப் பிறகும் நரம்பணுக்கள் தோன்றுவதை விவரித்தார்.

அவர் கையாண்ட முறையைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.யைப் பிரதி எடுத்தாக வேண்டும். அதற்குத் தைமிடின் என்னும் மூலப்பொருள் தேவை. ஆகவே கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைச் சேர்த்த தைமிடினை எலிக்கு ஊசி மூலம் செலுத்தினால், அந்த வேளையில் பிரியவிருந்த அணுக்கள் மட்டும் அதை ஏற்று, தம்முடைய பிறந்தநாள் முத்திரையாகத் தமக்குள் வைத்துக்கொள்ளும். பிறகு மூளையை மெல்லிய சீவல்களாகச் சீவி, அவற்றின்மேல் புகைப்படச் சுருளில் பூசும் ரசாயனத்தைப் பூசி, இருட்டிலே வாரக்கணக்கில் வைத்திருந்து கழுவிப் பார்த்தால், கதிரியக்கம் பட்ட இடத்தில் கறுப்புப் பொட்டுக்கள் தெரியும். எந்த அணுவின் உட்கருமேல் இந்தப் பொட்டுக்கள் குவிந்திருக்கின்றனவோ அந்த அணு ஊசி போட்ட நாளுக்குப் பிறகு ஜனித்தது. ஆல்ட்மன் அந்தப் பொட்டுக்களை நரம்பணுக்களின்மேல் கண்டார்.

கண்டதை உலகம் ஏற்கவில்லை. அவை நரம்பணுக்கள்தாம் என்பதற்கு என்ன அத்தாட்சி, பக்கத்திலுள்ள துணையணுக்களாக இருக்கலாகாதா என்பது ஆட்சேபம். 1977-ல் மைக்கேல் காப்ளான், எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் துணையோடு, அவை நரம்பணுக்களே என்று காட்டிய பிறகும் ஆட்சேபம் ஓயவில்லை. 1985-ல் யேல் பல்கலைக்கழகத்தின் பாஸ்கோ ராகிச், ரீசஸ் குரங்குகளை அதே முறையில் ஆராய்ந்து, வளர்ந்த குரங்கின் மூளையில் புது நரம்பணு ஒன்றும் தமக்குத் தென்படவில்லை என்று அறிவித்ததோடு, ஆயுள் முழுவதும் கற்றதைக் காத்துவைக்க வேண்டிய பிராணிகளுக்கு நிலையான நரம்பணுக்கள்தாம் அவசியம் போலும் என்ற காரணத்தையும் சொன்னார். ஆல்ட்மன் இதற்குள் பர்டியூ பல்கலைக்கழகத்துக்குச் சென்று வேறு ஆராய்ச்சிகளில் ஆழ்ந்துவிட்டார்.

விவாதத்தின் போக்கை மாற்றியது ஒரு பறவை. ஆண் கேனரிப் பறவை வருஷந்தோறும் தன் பாட்டில் சில சொற்கட்டுக்களைக் கைவிட்டுப் புதியவற்றைக் கற்றுக்கொள்கிறது. நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தின் பெர்னாண்டோ நாட்டபோம், பாட்டை ஆளும் மூளைப்பகுதி வசந்த காலத்தில் பெருத்தும் பிறகு சிறுத்தும் போவதைக் கண்டு வியந்து, 1983-ல் ஸ்டீவன் கோல்ட்மனோடு சேர்ந்து, வளர்ந்த கேனரியின் அந்தப் பகுதியில் புது நரம்பணுக்கள் வந்து சேர்வதை நிரூபித்தார். மறு வருஷமே, புதிய அணுக்களுக்குள் நுண்ணிய மின்முனையைச் செலுத்தி, அவை ஒலிக்குப் பதில் கொடுப்பதையும் அவருடைய குழு பதிவுசெய்தது. பிறந்தவை வெறுமனே கிடக்கவில்லை, வேலை செய்கின்றன என்று தெரிந்தபின் முழுமையாக மறுப்பது கடினமாகிவிட்டது. பின்னால், விதைகளை நூற்றுக்கணக்கான இடங்களில் ஒளித்துவைத்துத் தேடி உண்ணும் சிக்கடி என்ற சிறு பறவையிலும், சேகரிப்புக் காலமாகிய இலையுதிர் பருவத்தில் ஹிப்போகேம்பஸுக்குப் புது நரம்பணுக்கள் மிகுதியாக வந்து சேருவதை அவர் காட்டினார்.

ஹிப்போகேம்பஸ் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோமே, அது என்ன? இரு காதுகளின் பக்கமாக, மூளையின் உட்புறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக வளைந்து கிடக்கும் சிறு உறுப்பு. அதன் மகிமையை உலகம் அறிந்ததற்கு ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்க வாலிபரின் துர்ப்பாக்கியம் காரணம். கடுமையான வலிப்பு நோயைத் தணிக்கும்பொருட்டு 1953-ல், அவருடைய 27-வது வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற சத்திர வைத்தியர் இருபுறத்திலும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார். அதன் பிறகு 2008-ல் காலமாகும்வரை ஐம்பத்தைந்து வருஷம், மொலேசனுக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. சிறுபிராயத்துச் செய்திகளைச் சொல்லுவார். சற்றுமுன் வந்துபோனவரைத் தெரியாது. அவரைப் பல்லாண்டுகள் பரிசோதித்த பிரெண்டா மில்னரையே ஒவ்வொரு முறையும் புதியவராக வரவேற்றார். ஆகவே நிகழ்வதை நினைவாக்கும் வாயில் ஹிப்போகேம்பஸ் என்பதும், பழைய நினைவுகள் பெரும்பாலும் வேறிடங்களில் நிலைபெறுகின்றன என்பதும் புலனாயின. பாலூட்டிகளின் மூளையில், பிறந்து வளர்ந்த பிறகும் புது நரம்பணுக்கள் தோன்றும் இரண்டொரு இடங்களில் ஒன்று இந்த வாயிலின் முகப்பிலேயே இருக்கிறது. டென்டேட் ஜைரஸ் என்பது அதன் பெயர்.

அங்கே பிறக்கும் அணுவின் இளமை சுலபமானதன்று. சில வாரங்களுக்குள் புதியவற்றில் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. ஹிப்போகேம்பஸின் உதவி தேவைப்படும் பாடம் ஒன்றை அந்தச் சமயத்தில் எலி கற்குமானால், மடியவிருந்தவற்றில் பல பிழைத்துக்கொள்கின்றன என்று எலிசபெத் குல்டும் டிரேசி ஷோர்ஸும் கண்டார்கள். கற்பதால் அணுக்கள் பிறப்பதைக் காட்டிலும், பிறந்தவை காப்பாற்றப்படுகின்றன என்பதுதான் இதன் பொருள். பிழைத்த அணு தன் நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரையில் மற்ற அணுக்களைவிட எளிதில் கிளர்ச்சியடைகிறது. பிணைப்புக்களை விரைவில் மாற்றிக்கொள்கிறது. அதன்பின் நிதானமடைந்து மூத்தவற்றோடு மூத்ததாகக் கலந்துவிடுகிறது.

இந்த இளம் அணுக்களால் ஞாபகத்துக்கு என்ன நன்மை? நாள்தோறும் ஒரே ரயில் நிலையத்து ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்துகிறவர், மாலையில் திரும்பி வந்து நேரே அதனிடம் போகிறார். நேற்று நிறுத்திய இடமும், முந்தாநாள் நிறுத்திய இடமும், இன்று நிறுத்திய இடமும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தும், மூன்று நினைவுகளும் ஒன்றோடொன்று கலவாமல் இன்றையதை மட்டும் பிரித்தெடுக்க அவரால் முடிகிறது. டென்டேட் ஜைரஸின் முக்கியமான உத்தியோகம் இதுவே. 2009-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரும் அமெரிக்காவின் ஸால்க் நிலையத்தாரும் சேர்ந்து, புது நரம்பணு உற்பத்தியைத் தடுத்த சுண்டெலிகளைப் பரிசோதித்தபோது, தூரத்தூர உள்ள இரண்டு இடங்களைப் பிரித்தறிவதில் அவை சளைக்கவில்லை. இடங்கள் நெருங்கியிருந்தாலோ தடுமாறின. 2011-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரெனே ஹென்னின் குழு எதிர்த்திசையில் சென்று, புது அணுக்கள் அதிகமாகப் பிழைக்கும்படி செய்தபோது, ஒன்றுபோல் தோன்றும் இரு அறைகளை அந்தச் சுண்டெலிகள் மற்றவற்றைவிட நன்றாக வேறுபடுத்திக் கண்டன. ஞாபகத்தின் கொள்ளளவைப் பெருக்குவதற்காக இந்த அணுக்கள் வருகின்றன என்று பலர் எண்ணுகிறார்கள். ஒன்றை மற்றொன்றாக மயங்காதிருக்கவே வருகின்றன என்பதுதான் பரிசோதனைகளிலிருந்து நான் கொள்ளும் அபிப்பிராயம்.

இனி, நன்மைக்கு நாம் கொடுக்கும் விலையைப் பார்ப்போம். நம்மில் யாருக்கும் முதல் இரண்டு மூன்று வயதின் நினைவு இல்லை. அந்தப் பிராயத்தில் குழந்தை கற்காத நாளில்லை. முகம் அறிகிறது, மொழி அறிகிறது, தன்னை யார் அடித்தார்கள் என்பதை மறுநாள் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. ஆயினும் அந்த நிகழ்ச்சிகளில் ஒன்றும் பெரியவனானபின் மிஞ்சுவதில்லை. டொரான்டோவின் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பால் ஃபிராங்க்லண்டும் ஷீனா ஜோஸ்லினும் இதற்கொரு காரணத்தை ஊகித்து, 2014-ல் அதன் பரிசோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். குழந்தைப் பருவத்தில் டென்டேட் ஜைரஸில் புது நரம்பணுக்கள் வெள்ளமாக வருகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென்று பிணைப்புக்களைத் தேடிக்கொள்கிறது. அப்படித் தேடும்போது, ஏற்கெனவே ஒரு நினைவைத் தாங்கிய பிணைப்புக்கள் கலைந்துபோகாவா என்பது அவர்கள் ஊகம்.

ஒரு பெட்டிக்குள் சுண்டெலியை விட்டு அதன் காலில் லேசாக மின்சாரம் பாய்ச்சினால், மறுபடி அந்தப் பெட்டிக்குள் வந்ததும் அது அஞ்சி அசையாமல் நின்றுவிடும். வளர்ந்த சுண்டெலி பல வாரம் இதை மறப்பதில்லை. குட்டி சீக்கிரமே மறந்துவிடும். வளர்ந்த சுண்டெலிக்குப் பாடம் கற்பித்த பிறகு, ஓடும் சக்கரம் ஒன்றைக் கூண்டில் வைத்தார்கள். ஓட்டம் புது நரம்பணுக்களைப் பெருக்கும் என்பது 1999-லேயே ஸால்க் நிலையத்தில் ஹென்றியெட் வான் பிராக் கண்டறிந்த விஷயம். ஓடிய சுண்டெலிகள் பெட்டியின் பயத்தை மறந்தன. குட்டிகளுக்கோ புது அணு உற்பத்தியைக் குறைக்கும் மருந்து கொடுத்தார்கள். அவை வழக்கத்தைவிட நன்றாக நினைவு வைத்திருந்தன. இதற்குமேலும் ஒரு சோதனை செய்தார்கள். என்னை மிகவும் கவர்ந்தது அதுதான். கினிப்பன்றியின் குட்டி, கண் திறந்து, மயிர் முளைத்து, ஏறக்குறைய முதிர்ந்த மூளையோடு பிறக்கிறது; பிறந்தபின் அதன் டென்டேட் ஜைரஸில் புது அணுக்கள் மிகவும் சொற்பம். அந்தக் குட்டிகளுக்குக் குழந்தைப் பருவ மறதி இருக்கவில்லை. மருந்தினால் புது அணுக்களைப் பெருக்கியதும் மறதி வந்தது.

அணுக்கள் வந்து போனால் நினைவு எங்கே தங்கும் என்ற ராகிச்சின் கவலை வீண் கவலை அன்று என்பதை இந்தச் சோதனை எனக்கு உணர்த்துகிறது. அவர் கண்ட இடர்ப்பாடு மெய்யானது. இயற்கையோ அந்த இடர்ப்பாட்டைத் தவிர்க்காமல், வாயிலில் மட்டும் அதை அனுமதித்து, அங்கே பழையவை சிறிது கலைவதையும் ஏற்றுக்கொண்டு, புதியதைப் பழையதிலிருந்து பிரித்தறியும் ஆற்றலைப் பெற்றிருக்கிறது. மறதியைக் குறைபாடு என்று மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு இது சற்று வியப்பைத் தருவதுதான்.

எலியில் உண்மையானது மனிதனில் உண்மையாகுமா? 1998-ல் ஸ்வீடனின் பீட்டர் எரிக்சனும் ஸால்க் நிலையத்தின் ஃபிரெட் கேஜும், அணுப்பிரிவின்போது டி.என்.ஏ.யில் சேரும் ஒரு பொருளைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக ஏற்றிக்கொண்டிருந்த ஐந்து நோயாளிகளின் மூளைகளை, அவர்கள் காலமானபின் பரிசோதித்தார்கள். 57 வயது முதல் 72 வயது வரையிலான அந்த ஐவரின் டென்டேட் ஜைரஸிலும் முத்திரை பெற்ற நரம்பணுக்கள் இருந்தன.

ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிலையத்தின் யோனாஸ் ஃபிரிசேன், யாருக்கும் ஊசி போடாமலேயே அணுவின் வயதைக் கணிக்க ஒரு வழி கண்டார். 1950-களில் வல்லரசுகள் வானவெளியில் வெடித்த அணுகுண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. 1963-ல் அவ்வித வெடிப்புக்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை ஏற்பட்டபின் அது வருஷந்தோறும் குறைந்து வந்திருக்கிறது. அந்தக் கார்பன் பயிருக்குள் புகுந்து, உணவாகி, நம் உடலுக்குள் புகுகிறது. ஓர் அணு எந்த வருஷத்தில் பிறந்ததோ அந்த வருஷத்துக் காற்றின் அளவே அதன் டி.என்.ஏ.யில் பதிந்திருக்கும். இவ்விதம் கணித்து, பெருமூளைப் புறணியின் நரம்பணுக்கள் மனிதனோடு கூடப்பிறந்தவையே என்று அவருடைய குழு முதலில் காட்டியது. கஹாலின் விதி அங்கே இன்றும் செல்லுகிறது. 2013-ல், ஒவ்வொரு ஹிப்போகேம்பஸிலும் நாளொன்றுக்குச் சுமார் 700 நரம்பணுக்கள் புதிதாகச் சேர்கின்றன என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. நாசத்துக்கென்றே செய்த வெடிப்புக்களின் எச்சத்திலிருந்து இப்படியோர் அறிவு கிடைத்ததை எண்ணும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது.

விவகாரம் அத்துடன் தீரவில்லை. நாட்டபோமிடம் மாணவராக இருந்து, பறவைகளிலும் சுண்டெலிகளிலும் புது நரம்பணுக்களை ஆராய்ந்து, 2011-ல் முதியவரான ஆல்ட்மனோடு ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் இளவரசர் விருதைப் பகிர்ந்துகொண்ட ஆர்ட்டூரோ ஆல்வாரெஸ் புய்யா, 2018-ல் தம் சகாக்களோடு சேர்ந்து, மனித ஹிப்போகேம்பஸில் 13 வயதுக்குப் பிறகு இளம் நரம்பணுக்கள் தமக்குத் தென்படவில்லை என்று அறிவித்தார். தம் வாழ்நாள் உழைப்பின் கீர்த்திக்கு அனுகூலமானதைச் சொல்லாமல், கண்ணில் பட்டதைச் சொன்ன அவருடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஒரு மாதத்துக்குள் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மவுரா போல்டிரினி, 79 வயதிலும் அவை இருப்பதாக வெளியிட்டார். மறுவருஷம் மாட்ரிட் நகரத்து மரியா யோரென்ஸ் மார்ட்டின், இந்த முரண்பாட்டுக்கு ஒரு காரணத்தைக் காட்டினார். மூளைத் திசுவைப் பதப்படுத்தும் திரவத்தில் அதிக நேரம் ஊறவிட்டால், இளம் நரம்பணுவின் அடையாளமாகிய டபுள்கோர்டின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகிறது. நேரத்தைக் கட்டுப்படுத்திப் பார்த்தபோது 87 வயதுடையவரிலும் இளம் அணுக்கள் தெரிந்தன. ஆல்ஸைமர் நோயாளிகளிடமோ, நோயின் ஆரம்ப நிலையிலேயே அவை குறைந்திருந்தன. 2025-ல் ஃபிரிசேனின் குழு, அணுவுக்கு அணு எந்தெந்த மரபணுக்கள் வேலைசெய்கின்றன என்று வாசிக்கும் நவீன முறையால், 78 வயது வரையிலான மூளைகளில் இளம் நரம்பணுக்களின் தாயணுக்களையே இனங்கண்டது. சிலருக்கு அவை மிகுதி, சிலருக்கு இல்லையென்றே சொல்லலாம். ஆதாரத்தின் எடை இன்று ஆம் என்ற பக்கமே சாய்கிறது என்று நினைக்கிறேன்.

ஞாபகசக்தியைப் பெருக்கும் லேகியம் என்றும் மாத்திரை என்றும் விளம்பரம் செய்வோர் இப்போது புது நரம்பணு என்ற சொல்லையும் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கையிலுள்ள பணத்தை இப்படி இழப்பது எனக்குப் பொறுக்கவில்லை. 2011-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், 120 முதியவர்களில் ஒரு பாதியார் வருஷம் முழுவதும் நடைப்பயிற்சி செய்தபின், அவர்களுடைய ஹிப்போகேம்பஸின் பரிமாணம் சுமார் 2 சதவீதம் கூடியிருந்தது. நடப்பது நல்லது என்பதற்கு அது போதுமான சான்று. ஆனால் அந்தப் பெருக்கம் புது நரம்பணுக்களால் வந்ததென்று யாரும் சொல்லமுடியாது. ஏனெனில் உயிரோடிருக்கும் மனிதரின் மண்டைக்குள்ளே ஒரு புது நரம்பணுவைப் பார்க்கும் சாதனம் இன்னும் கிடையாது.

மனிதரைப்பற்றி இந்தத் துறையில் நாம் அறிந்தவையெல்லாம் இறந்தவர்களும், சத்திர சிகிச்சைக்கு உட்பட்டவர்களும் அளித்த திசுக்களிலிருந்து வந்தவை. மூளை வங்கிகளுக்கு நோயுற்றவர்களின் மூளைகள் வருகிற அளவுக்கு, நோயின்றி வாழ்ந்து மறைந்தவர்களுடையவை வருவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவையும் வேண்டும். பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிலையத்தில் 1995 முதல் அத்தகைய வங்கி ஒன்று நடந்துவருகிறது. மரணத்துக்குப் பிறகு சில மணி நேரத்துக்குள் மூளையை எடுத்து முறையாகப் பதப்படுத்தினால்தான் டபுள்கோர்டின் போன்ற நுட்பமான அடையாளங்கள் மிஞ்சும். அந்தச் சில மணி நேரமோ, வீட்டார் துக்கத்தில் ஆழ்ந்து ஒன்றும் யோசிக்க இயலாதிருக்கும் நேரம். ஆகையால் கொடுக்க விரும்புகிறவர்கள் உயிரோடிருக்கும்போதே வீட்டாரிடம் அதைச் சொல்லி, வங்கியில் பதிவும் செய்துவைக்க வேண்டியிருக்கிறது.